பெலும் குகையில் ஒரு பகல்

பெங்களூர்த் தமிழர் வீடுகளில் கடப்பைக் கல்லை அறியாத அடுக்களை இல்லை. அடுப்பு மேடையில் அதன் இடத்தை இப்போது மெருகேற்றிய கருங்கல் பலகை பிடித்து வருகிறதாயினும், பாத்திரம் அடுக்கும் தட்டுகளுக்கு இன்றும் அதுவே துணை. அக்கல்லின்மேல் எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்து மறந்துவிட்டால், மறுநாள் அவ்விடத்தில் மெருகு போய் வெளிறிய வட்டம் ஒன்று தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் அது நீங்காது. இல்லத்தரசியர் யாவரும் அறிந்த இச்சிறு செய்திக்குள் ஒரு குகையே அடங்கியிருக்கிறது என்பதைப் பெலும் சென்று வந்த பின்னரே நாங்கள் உணர்ந்தோம்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில், சங்கத்து அன்பர்கள் பதினெட்டுப் பேர் அதிகாலை நான்கு மணிக்கே அல்சூர் ஏரிக்கரையில் கூடி, சிற்றுந்து ஒன்றில் புறப்பட்டோம். எங்களுள் மூத்தவர், எல்லோரும் 'மேஸ்திரி ஐயா' என்றழைக்கும் பெரியவர். ஆம்பூர்ப் பக்கத்தவர்; பதினாறாம் வயதில் பெங்களூருக்கு வந்தவர்; நாற்பது ஆண்டுகள் கண்டோன்மெண்ட் வீடுகளில் கடப்பைக் கல் பதித்தவர். வயது எழுபத்தெட்டு. ஆனால், கல் பிறந்த ஊரை அவர் கண்டதில்லை. "கல் லாரியில் வரும், இறக்கி அடுக்குவோம். எந்த ஊர்க் கல் என்று கூலிக்காரனிடம் யார் சொல்லப் போகிறார்கள்?" என்றார். பேரன் ஒருவனை உடன் அழைத்து வந்திருந்தார்.

தேவனஹள்ளியைக் கடந்து சிக்கபள்ளாபூரை நெருங்கும்போது பொழுது புலர்ந்து, இடப்பக்கம் நந்திமலை தெரிந்தது. பெரியவர் கைகூப்பினார். அவருடைய ஊரில் ஓடும், அல்லது ஓடிக்கொண்டிருந்த, பாலாறு இம்மலைப் பகுதியில்தான் பிறக்கிறது. தெற்கே பாலாறு செல்ல, வடக்கே பெண்ணாறும் சித்திராவதியும் இதே மலைகளிலிருந்து ஆந்திர நாட்டை நோக்கிச் செல்கின்றன. அன்று நாங்கள் வடக்கே போன உடன்பிறப்பின் வழியைத் தொடர்ந்தோம்.

லால்பாக்கில் உள்ள பாறையைக் காணாத அன்பர்கள் இரார். அது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடையது. நாட்டின் நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்று. அனந்தப்பூர் வரையிலும் சாலையின் இருபுறமும் அந்த இனத்துப் பாறைகளே உருண்டும் திரண்டும் கிடக்கின்றன. வெயிலுக்கு வெடிக்கும், மழைக்கு உதிரும், நீரில் கரைவதில்லை. ஆகவே பெங்களூரைச் சுற்றிப் பாறை இடுக்குகள் உண்டு; நிலத்தடியில் நெடுந்தொலைவு செல்லும் குகைகள் இல்லை. அனந்தப்பூரில் கிழக்கே திரும்பித் தாடிபத்திரியை அணுகும்போது நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. உருண்டைப் பாறைகள் மறைகின்றன. ஓலைச் சுவடியை அடுக்கியதுபோல் படிவு படிவாகக் கிடக்கும் கல் தோன்றுகிறது. வயலின் வேலிக்கும் கல் பலகையையே நிறுத்தி நட்டிருந்தார்கள். பெரியவர் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தவர், திடீரென "நம்ம கல்!" என்று உரக்கச் சொல்லிவிட்டார்.

தாடிபத்திரியில் சிற்றுண்டி அருந்தினோம். பெண்ணாற்றங்கரையில் உள்ள புக்கா இராமலிங்கேசுவரர் கோயிலை வெளியே நின்றே வணங்கினோம். விசயநகரச் சிற்பிகளின் கைவண்ணம் அது, தனிக் கட்டுரைக்குரியது. தெலுங்கில் புக்கா என்றால் ஊற்று. சுண்ணாம்புப் பாறை நாட்டில் ஊற்றின் பெயரால் ஒரு தெய்வம் விளங்குவது பொருத்தமே என்பதை மட்டும் இங்கே குறிக்கிறோம்.

அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சென்றால் பெலும். முன்பு கர்நூல் மாவட்டமாக இருந்து, 2022இல் நந்தியால் மாவட்டத்தில் சேர்ந்த கொலிமிகுண்ட்லா வட்டாரத்தது. குகை என்றதும் மலையையே எதிர்பார்த்த எங்களுக்கு முதலில் ஏமாற்றம். பருத்தியும் கொண்டைக்கடலையும் விளையும் சமநிலம், நடுவே கிணறுகள் போன்ற மூன்று பள்ளங்கள், நடுப்பள்ளத்தில் இறங்கப் படிக்கட்டு, அவ்வளவே. பெலும் என்ற பெயர் பிலம் என்ற சொல்லின் திரிபு என்பர். கம்பராமாயணம் படித்தவர்க்குக் கிட்கிந்தா காண்டத்தில் 'பிலம் புக்கு நீங்கு படலம்' நினைவுக்கு வரும். வானர வீரர் இருளில் தடுமாறினர். எங்களுக்கோ மின்விளக்கு இருந்தது.

இக்குகையை 1884இல் முதலில் எழுத்தில் பதிந்தவர் இராபர்ட் புரூஸ் புட் என்னும் ஆங்கில நிலவியலறிஞர். தமிழர் மறக்கலாகாத பெயர் இது. 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவர் அவரே. ஏற்காட்டில் நெடுநாள் வாழ்ந்தவர். அவருக்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பெலும் உறங்கியது. 1982 முதல் டேனியல் கெபாவர் என்பவரின் தலைமையில் செருமானியக் குகை ஆய்வாளர் வந்து, ஊர் மக்களின் துணையோடு உள்ளே தவழ்ந்து அளந்தனர். 3,229 மீட்டர் நீளம் கண்டனர். மேகாலய மலைகளில் இதனினும் நெடிய குகைகள் பல உண்டு. சமவெளிக் குகைகளில் இதற்கே முதலிடம் என்பர்.

அளந்த காலத்தில் அதன் நிலை என்ன? சுற்றுப்புறத்துக் குப்பை கொட்டும் பள்ளம்! 1988இல் மாநில அரசு காப்பின்கீழ்க் கொண்டு வந்த பின்னரே அது நின்றது. ஓய்வு பெற்ற காவல்துறை அதிகாரி ஒருவரும் பெலும் ஊர் மக்களும் முன்னின்று உழைத்தனர். பின்னர்ச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பொறுப்பேற்று, பாதையமைத்து, விளக்கிட்டு, 2002இல் பொதுமக்களுக்குத் திறந்தது.

இறங்கத் தொடங்கினோம். ஏறத்தாழ இருபது மீட்டர் ஆழம் சென்றதும் படிக்கட்டு முடிந்து, குகை கிடையாக நீள்கிறது. வெளியே தைக் குளிர், உள்ளே புழுக்கம். மேலிருந்து குழாய்களின் வழியே காற்றைச் செலுத்துகிறார்கள். ஆயினும் ஆடை உடலோடு ஒட்டிக்கொண்டது. பெரியவருக்கு மூச்சு வாங்கியது. "ஐயா, இங்கேயே அமர்ந்திருங்கள், நாங்கள் பார்த்து வருகிறோம்" என்றோம். அவர் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். "நாற்பது வருடம் இதன் மேல்தோலைப் பார்த்தேன். உள்ளே வந்துவிட்டுப் பாதியில் திரும்புவதா? மெல்ல வருகிறேன், நீங்கள் நடவுங்கள்" என்றார். அதன்பின் அவருடைய நடைக்கே நாங்கள் எல்லோரும் நடந்தோம். அதனால் பலவற்றை நின்று காண முடிந்தது.

எலுமிச்சம்பழத்துக்கு வருவோம். இப்பாறை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன், எலும்புடைய உயிர்கள் தோன்றாத காலத்தில், கடல் நீரடியில் சுண்ணச் சேறாகப் படிந்து இறுகியது. வானத்து மழை காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மிக மெல்லிய புளிப்படைகிறது. நாவுக்குத் தெரியாத அப்புளிப்பு கல்லுக்குத் தெரியும். கல்லின் வெடிப்புகளில் இறங்கி, எலுமிச்சைச் சாறு மேடைக்குச் செய்ததையே, இலட்சக்கணக்கான ஆண்டுகள் செய்கிறது. வெடிப்பு விரிந்து வழியாகிறது. வழி விரிந்து மண்டபமாகிறது. சித்திராவதியாறு குடைந்த குகை இது என்று அங்கே சொல்கிறார்கள். அவ்வாறு இன்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஓடுகிறது. பக்கச் சுவர்களில் நீர் சுழன்ற தடங்கள், குயவன் விரல் பட்ட பானையின் உட்புறம் போல வழுவழுவென்று தெரிகின்றன. ஆற்றை யாரும் காணவில்லை. அதன் கைத்தடம் இருக்கிறது.

கரைத்த நீரே கட்டவும் செய்கிறது. மேற்கூரையில் துளி தொங்கும்போது வாயு பிரிந்துபோக, சுண்ணம் கூரையிலேயே தங்குகிறது. பெங்களூரில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் காய்ச்சுவோர் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு காண்பார்களே, அதே சுண்ணந்தான். கூரையிலிருந்து வளர்வது கல்விழுது. விழுந்த துளியால் தரையிலிருந்து எழுவது கல்முளை. இரண்டும் கூடினால் தூண். ஓரிடத்தில் விழுதுகள் நெருங்கித் தொங்க, எங்கள் வழிகாட்டி "ஊடலமர்ரி" என்றார். விழுதுவிட்ட ஆலமரம் என்பது அதன் பொருள். வேறோரிடத்தில் பாம்புப் படம் விரித்தாற்போன்ற வடிவங்கள்; அது 'ஆயிரம் படகுகள்'. படக என்பது தெலுங்கில் படம்! 'இவ்வளவு வறண்ட நாட்டில் படகா?' என்று எங்களுள் ஒருவர் வினவ, நெடுநேரம் சிரிப்பு அடங்கவில்லை. விரல் மடக்கித் தட்டினால் வெவ்வேறு ஒலி எழும் விழுதுகளைக் கொண்ட 'சப்தசுரக் குகை'யும் உண்டு. பலர் தட்டித் தட்டி அவை தேய்ந்துவிடக் கூடாதே என்ற கவலை எங்களுக்கு.

இவ்வளவும் கேட்ட பெரியவர், "சுண்ணாம்பு வேலையும் இதுதானே!" என்றார். நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் இட்டால் ஐம்பத்தாறு கிலோதான் மிஞ்சும்; மீதம் நாற்பத்து நான்கு கிலோ வாயுவாய்ப் பறந்துவிடும். மிஞ்சியதை நீற்றிச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்லத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிறது. "அதனால்தான் பழைய சுவர் வருடம் ஆக ஆக இறுகும்" என்றார். அறிவியல் நூல் எதையும் அவர் படித்ததில்லை. கரண்டி பிடித்த கை அறிந்தது அது.

கீழே, நிலமட்டத்திலிருந்து 46 மீட்டர் ஆழத்தில், பாதாளகங்கை. மெல்லிய நீரோட்டம் ஒன்று எங்கிருந்தோ வந்து, எங்கேயோ பாறைக்குள் மறைகிறது. பெலும் ஊர்க் கிணற்றுக்குப் போகிறது என்பது ஊரார் நம்பிக்கை. பெரியவர் இறங்கிவர இருவர் கைகொடுத்தோம். நீரைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில்தான் அது நிகழ்ந்தது. பேரப் பிள்ளை சுவரோரத்து விழுது நுனி ஒன்றைப் பற்றி முறுக்கினான். நினைவுக்கு வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை. பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார், நுனி பிழைத்தது. "உடைத்தால் என்ன தாத்தா? இவ்வளவு இருக்கிறதே" என்றான். விழுது பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே வளரும் என்று எங்களுள் ஆசிரியராக உள்ளவர் விளக்கினார். அவன் கையில் இருந்த விரற்கடை நீளம், இருநூறு ஆண்டு உழைப்பு. மேகாலயத்தில் மாம்லு குகையின் கல்முளை ஒன்றை அறுத்து ஆராய்ந்தே, 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை பொய்த்த செய்தியை அறிஞர் கண்டனர். அதைக்கொண்டு 2018இல் உலக நிலவியலாளர் ஒரு காலப் பகுதிக்கே 'மேகாலயக் காலம்' என்று பெயரிட்டனர். பையன் கையை எடுத்துக்கொண்டான். பெரியவர் அதன்பின் வெகுநேரம் பேசவில்லை.

மேலே வந்து மர நிழலில் கட்டுச்சோறு உண்ணும்போது பேசினார். "அவனைத் தடுத்துவிட்டேன். நான் எத்தனை லாரி பதித்தேன்?"

எங்களில் எவரிடமும் விடை இல்லை. பேதம்செர்லாவிலும் தாடிபத்திரியிலும் கல்லறுத்து மெருகிடும் பட்டறைகளை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. வரும் வழியில் சிமெண்டு ஆலைகளின் புகைபோக்கிகளையும் கண்டோம். பெங்களூரின் அடுக்கு மாளிகைகளுக்குச் சுண்ணாம்புக் கல் எங்கிருந்தேனும் வந்தாக வேண்டும். அம்மாளிகைகளில் எங்களுள் பலர் குடியிருக்கிறோம். அரசு காப்பது கண்டறிந்த குகையை. பட்டா நிலத்தின் அடியில் எவரும் புகாத குகை இருக்குமாயின், அது யாருக்குச் சொந்தம்? மலபார் நிலவுடைமையாளர் வழக்கொன்றில், நிலத்தடிக் கனிமம் பொதுவாக நிலத்துக்குரியவருடையதே என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கல்லுக்கு உரியவர் உண்டு; கல் கரைந்த வெற்றிடத்துக்கும் பட்டா உண்டோ? எங்களுடன் வந்த வழக்கறிஞரே இதைக் கேட்டுவிட்டு ஊறுகாயை நாடினார். மேகாலயத்தில் நிலம் பெரும்பாலும் குலங்களுக்கும் தனியாருக்கும் உரியது. அங்கேயும் குகைக்கும் சுரங்கத்துக்கும் இடையே பூசல் உண்டு. உரியவர் மனம் வைத்தால் குகை பிழைக்கும். மனம் வைக்க, முதலில் அதன் அருமை அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பெலும் ஊரார்க்கு அது தெரிந்தது. அதற்கு முன் அவர்களும் குப்பைதான் கொட்டினார்கள்.

செல்ல விரும்பும் அன்பர்க்குச் சில குறிப்புகள். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அதிகாலை புறப்பட்டால் இரவுக்குள் திரும்பலாம். எனினும் தாடிபத்திரியில் ஓரிரவு தங்குவது நலம். கோடையைத் தவிர்க்கவும். பருத்தி ஆடையும், வழுக்காத காலணியும், குடிநீரும் இன்றியமையாதவை. மூச்சிரைப்பு உள்ளோர் மருத்துவரைக் கேட்டுச் செல்க. குனிந்து செல்லும் இடங்கள் உண்டு.

பேதம்செர்லாவுக்கு அருகில் பில்லசுர்கம் என்னும் குகைகள் இருக்கின்றன. புட் அவர்களின் மகன் அங்கே அகழ்ந்து பழைய விலங்கெலும்புகள் பலவற்றை எடுத்தார். அடுத்த பயணம் அங்கே என்று பெரியவர் வண்டியிலேயே முடிவு செய்துவிட்டார். பெயர் கொடுக்க விரும்புவோர் அவரிடமே கொடுக்கலாம்.