கடைவாய்ப் பல்லும் கை முறுக்கும்

பல்வலியோடு தீபாவளி கொண்டாடியிருக்கிறீர்களா? இல்லையென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் கொண்டாடினேன்.

ஆடி மாசமே கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு சின்ன ஓட்டை. நாக்கு அடிக்கடி போய் அதை நலம் விசாரித்துவிட்டு வரும். டாக்டரிடம் போகலாம்தான். 'தீபாவளி போனஸ் வரட்டும், பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போட்டேன். போனஸ் வந்தது. வலியும் வந்தது. இரண்டும் ஒரே வாரத்தில்!

அந்த வாரம் ஆபீஸில் எந்த மேஜையைப் பார்த்தாலும் ஸ்வீட் பாக்ஸ். நான் ஒன்றும் பேராசைக்காரன் இல்லை. அக்கவுண்ட்ஸ் பக்கம் போனால் அரை மைசூர்பாகு. ஜெராக்ஸ் எடுக்கப் போனால் கால் ஜாங்கிரி. டீ வந்தால் அதோடு ஒரு சோமாசி. "எவ்வளவு அளவா சாப்பிடறான் பாரு" என்று எனக்கு நல்ல பேர் வேறு.

ஊருக்குப் போகிற பஸ்ஸிலேயே பல் தெறிக்க ஆரம்பித்துவிட்டது. கும்பகோணத்தில் இறங்கும்போது ராத்திரி ஒன்பது மணி. மறுநாள் தீபாவளி. எந்தப் பல் டாக்டர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார்? படுத்தால் வலி இரண்டு மடங்கு. விடிய விடிய வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் அதே கிராம்போடு கங்கா ஸ்நானம்.

அம்மா தட்டு நிறைய கை முறுக்கைக் கொண்டு வந்து வைத்தாள். மணிக்கட்டு வலிக்க வலிக்க எனக்காகவே சுற்றியது.

"பசியில்லைம்மா" என்றேன்.

"ஏண்டா, உப்புக் கரிக்குதா? காரல் அடிக்குதா?" ஒன்றை எடுத்துத் தானே கடித்துப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பல்வலியே தேவலை என்று ஆகிவிட்டது.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு ஐம்பத்தைந்து வயதிலேயே பல் எல்லாம் போய், பல் செட் வைத்துக்கொண்டவர். ஒன்றும் பேசாமல் நாலு முறுக்கை இடிகல்லில் போட்டு நங் நங்கென்று இடித்தார். இரண்டு கிண்ணத்தில் கொட்டி, ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடுறா. எனக்கு அறுபத்தஞ்சு, உனக்கு இருபத்தேழு. ரெண்டு பேரும் ஒரே செட்டு!"

சிரித்தேன். சிரித்தால் இன்னும் வலித்தது.

சென்னை திரும்பியதும் முதல் வேலையாக டாக்டரிடம் ஓடினேன். அந்த அம்மாள் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஸ்வீட் நிறைய சாப்பிடுவீங்களோ?"

"கொஞ்சம்தான் டாக்டர். அதையும் பிச்சுப் பிச்சு, பத்துத் தடவையா..."

"அங்கேதான் தப்பு. ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ளே போகும்போதும் பல் மேல இருக்கிற கிருமி அதை அமிலமாக்குது. அது எனாமலைக் கரைக்கும். எச்சில் வந்து சரிபண்ண அரை மணியாவது ஆகும். அதுக்குள்ளே நீங்க அடுத்த துண்டைப் போட்டா, எச்சில் பாவம் என்ன பண்ணும்?"

"ஒரு வார தீபாவளிக்கே இப்படியா டாக்டர்?"

"ஒரு வாரத்துல ஒரு பல்லும் ஓட்டையாகாது. ஆபீஸ்ல டீ எத்தனை?"

"ஏழெட்டு..."

"சர்க்கரை போட்டுத்தானே?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் திறக்கச் சொன்னார். ஓட்டை ஈறுக்குக் கீழே வரை போய்விட்டதாம். "ஆடியிலேயே வந்திருந்தா அடைச்சு அனுப்பியிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே பிடுங்கினார். உடம்பிலேயே கெட்டியான பொருள் எனாமல்தானாம். அதையே கரைத்த பெருமை எனக்கு!

போன தீபாவளிக்கு உஷாராகிவிட்டேன். ஒரு மாசம் முன்பே போய் எல்லாப் பல்லையும் காட்டியாச்சு. ஸ்வீட்டா, சாப்பாட்டோடு ஒரே தடவை, திருப்தியாக. அப்புறம் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பு. ஆபீஸில் யாராவது நீட்டினால் வாங்கி டிபன் பாக்ஸில் போட்டுக்கொள்வேன். டீ இரண்டுதான். ராத்திரி எத்தனை மணியானாலும் ஃப்ளோரைடு பேஸ்ட்டால் இரண்டு நிமிஷம் தேய்க்காமல் படுப்பதில்லை. தூங்கும்போது எச்சில் குறைவாம். கிருமிக்கு அதுதான் கொண்டாட்டம்.

அம்மா முறுக்குத் தட்டை வைத்துவிட்டு, சமையலறை வாசலிலேயே நின்றாள். ஓட்டை விழாத பக்கமாக வைத்துக் கடித்தேன். 'கடக்!' அம்மா ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

இடிகல் பக்கத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார்: "பய செட்டை விட்டுப் போயிட்டாண்டி!"