அடவுகளை எழுதி வைத்தவர்கள்

ஒரு கலைக்காகவே வாழ்ந்தவர்கள் என்று பேச்சு வந்தால், மேடையில் நடுநாயகமாக நின்றவர்களைத்தான் முதலில் சொல்கிறோம். இந்த வயதில் எனக்கு வேறொரு வகையினர்மீது மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. தாம் கற்றதை அடுத்தவர் கைக்கு மாற்றிக் கொடுப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் அவர்கள். பல்கேரியாவின் நடன ஆசிரியர் கிரில் ஜெனெவ் அப்படிப்பட்டவர்.

அவர் கையாண்ட பொருள் ஊர் ஆட்டம். ஹோரோ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமையும் திருநாளும் ஊரார் பொதுவிடத்தில் கூடுவார்கள். காய்டா என்ற தோல்பை வாத்தியம் ஒலிக்கும். தோளில் மாட்டிய தாபான் என்ற பெரிய மேளம் அதிரும். கைகோத்தபடியோ, பக்கத்தில் நிற்பவரின் இடுப்புக் கச்சையைப் பிடித்தபடியோ வரிசை நகரும். நன்றாக ஆடத் தெரிந்தவர் முன்னால் போவார். புதிதாக வருகிறவர் அவருக்கு முன்னால் புகுந்துவிடக் கூடாது. வரிசையின் கடைசியில் போய்ச் சேர வேண்டும். ஒரே அடவு அரை மணி நேரம்கூடத் திரும்பத் திரும்ப வரும். யாருக்கும் அலுக்காது, ஏனென்றால் அங்கே வேடிக்கை பார்க்கிறவர்களைவிட ஆடுகிறவர்களே அதிகம்.

தாளம் தெரிந்த தமிழர்களுக்கு அதன் சூட்சுமத்தை எளிதில் சொல்லிவிடலாம். பாய்துஷ்கோ என்ற ஆட்டம் 5 மாத்திரை: தக தகிட. ராச்செனிட்சாவுக்கு 7: தக தக தகிட. கோபானிட்சாவுக்கு 11: தக தக தகிட தக தக. இத்தனையும் மின்னல் வேகத்தில் ஓடும். கிராமத்தார் எண்ணிப் பார்த்து ஆடுவதில்லை. குட்டை, குட்டை, நெட்டை என்று காலே உணர்ந்துகொள்கிறது. அந்த நெட்டை எங்கே விழுகிறது என்பதில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. ஹங்கேரிய இசைமேதை பேலா பார்டோக் இதில் மயங்கி, தன் மிக்ரோகாஸ்மாஸ் தொகுப்பின் கடைசி 6 பியானோ உருப்படிகளை இந்தத் தாளங்களில் அமைத்தார்.

வட்டாரத்துக்கு வட்டாரம் உடம்பே மாறிவிடும். சோஃபியாவைச் சுற்றியுள்ள ஷோப் மக்கள் பொடிப்பொடியான அடிகள் வைத்துத் தோளைக் குலுக்குவார்கள். வடகிழக்கே தோப்ருஜாவில் முழங்காலை மடக்கி, மண் அதிர ஓங்கி மிதிப்பார்கள். ராய்னா கட்ஸரோவா போன்ற ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய் இவற்றைப் பதிவுசெய்திராவிட்டால், பின்னால் வந்த நடன ஆசிரியர்கள் எதை வைத்து வேலை செய்திருப்பார்கள்?

1951இல் இசையமைப்பாளர் ஃபிலிப் கூதெவ் அரசின் நாட்டுப்புறப் பாடல், ஆடல் குழுவை நிறுவினார். நடனப் பொறுப்பு மார்கரிதா திகோவாவிடம் வந்தது. அவர் முன் நின்ற சிக்கல் லேசானதல்ல. ஊர் வட்டம் உள்நோக்கிப் பார்க்கும். மேடையிலோ பார்வையாளர் ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அரை மணி நேர ஆட்டத்தைச் சில நிமிடங்களுக்குள் அடக்கியாக வேண்டும். வரிசையை உடைத்து, எதிரெதிரே நிறுத்தி, கோலம் மாற்றி, வேகம் ஏற்றிப் புதிய வடிவம் கொடுத்தார்கள். கிராமத்து ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று இதைக் குறை சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. எல்லாக் காலும் ஒரே உயரத்தில் எழும்போது, ஒவ்வொருவருக்கும் இருந்த தனி நடை போய்விடுகிறது. ஆனாலும் நான் திகோவாவின் பக்கம்தான் நிற்பேன். இளைஞர்கள் கிராமத்தை விட்டு ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. மேடையும் இல்லாமல் போயிருந்தால் பலர் அந்த அடவுகளைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜெனெவின் பெரிய காரியத்தை இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். அவரும் கிரில் ஹரலாம்பியெவும் சேர்ந்து 1965இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். பல்கேரிய நாட்டுப்புற நடனத்தில் அசைவுகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதை விளக்கும் நூல் அது. கால் எங்கிருந்து எழுகிறது, எடை எந்தப் பாதத்துக்கு மாறுகிறது, மிதியா தாண்டலா என்று அசைவைக் கூறு கூறாகப் பிரித்துப் பெயர் கொடுத்தார்கள். அதுவரை “இப்படி ஆடு” என்று ஆடிக் காட்டித்தான் சொல்லித்தர முடிந்தது. அதன்பிறகு ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும் மாணவர் படித்துப் புரிந்துகொள்ள வழி பிறந்தது. பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. எழுதுகிறவனுக்கு யாரும் எழுந்து நின்று கைதட்டப் போவதில்லை. 1974இல் ப்ளோவ்திவ் நகரில் ஜெனெவ் நிறுவிய ‘த்ராகியா’ குழுவும், அதே நகரின் இசைக் கல்லூரியில் அவர் உருவாக்கிய மாணவர்களும் அந்த உழைப்பைச் சுமந்து சென்றார்கள்.

1989இல் ஆட்சி மாறியது. அரசின் கொடை சுருங்கியது, குழுக்கள் தள்ளாடின. ஆட்டம் அதோடு நின்றுவிடவில்லை. இன்று பல்கேரிய நகரங்களில் அலுவலகம் முடிந்து மாலையில் ஹோரோ கற்க மன்றங்களுக்குப் போகிறவர்கள் ஏராளம். சம்பளத்துக்காகவோ மேடைக்காகவோ வருகிறவர்கள் அல்லர். 1965இல் தொடங்கி ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை கோப்ரிவ்ஷ்டிட்சாவின் மலைப் புல்வெளிகளில் கூடும் விழாவிலும், தொழில்முறைக் கலைஞர்கள் அல்லாத ஊர்மக்களே ஆடிப் பாடுகிறார்கள். சோஃபியாவுக்கு அருகே பிஸ்திரிட்சா ஊர்ப் பாட்டிமார் பாடிக்கொண்டே ஆடும் ஆட்டத்தை 2005இல் யுனெஸ்கோ சிறப்பித்தது. பாட்டி பாட, பேத்தி கேட்டுக் கற்கிறாள். அந்தப் பாடமுறைக்கு எந்தப் பட்டமும் ஈடாகாது என்பது என் எண்ணம்.

ஜெனெவைப் போல் நூல் எழுத எல்லோராலும் முடியாது. என் வயதுக்காரர்களிடம் நான் கேட்பது அதைவிடச் சிறிய காரியம். பாட்டோ, ஆட்டமோ, தறியோ, தச்சோ, பல்லாண்டு கைப்பழக்கத்தில் உங்களுக்கு வந்த எதுவானாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்குங்கள். கேட்க வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள்.