கடையில் வாங்கிய ஐடியா!

போன வருஷம் அறிவியல் கண்காட்சிக்கு என் மகள் கொண்டுபோன மாடலை, நான் கடையில்தான் வாங்கினேன். 650 ரூபாய். தெர்மாகோல் வீடு, கூரையில் குட்டி சோலார் தகடு, உள்ளே ஒரு சின்ன பல்பு. அதில் அவள் பெயரை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியது மட்டும்தான் நாங்கள் செய்த வேலை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், பையைக்கூட இறக்கவில்லை. ‘‘அம்மா, பார்க்க வந்த சார், ‘இதுல பேட்டரி எதுக்கு?’ன்னு கேட்டாரும்மா. எனக்குத் தெரியலை’’ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த வீடு இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. கண்ணில் படும்போதெல்லாம் எனக்குத்தான் சுருக்கென்று தைக்கும்.

இப்போது எட்டாம் வகுப்பு. ‘மாணவர்கள் ஒரு புதிய யோசனையை வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரவும்’ என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் வந்தது. மத்திய அரசின் ‘இன்ஸ்பயர் மானக்’ திட்டத்துக்காம். யோசனை தேர்வானால் மாணவரின் வங்கிக் கணக்கிலேயே 10,000 ரூபாய் வரும். அதை வைத்து மாடல் செய்து மாவட்டக் கண்காட்சியில் வைக்கலாம்.

நான் என்ன செய்தேன்? திருந்தவே இல்லை. உடனே யூடியூபைத் திறந்தேன்!

தேடத் தேட, பிள்ளைகளுக்கு இத்தனை வாசல்கள் இருக்கின்றனவா என்று மலைப்பாக இருந்தது. ‘அடல் டிங்கரிங் லேப்’ என்று நாடு முழுக்க 10,000 பள்ளிகளில் ஆய்வுக்கூடம் அமைத்திருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 வரப்போவதாக 2025 பட்ஜெட்டில் அறிவிப்பு. நம் தமிழக அரசும் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ‘பள்ளி புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம்’ நடத்துகிறது. வளர்ந்து தொழில் தொடங்கினால் கைகொடுக்க ‘ஸ்டார்ட்அப் டிஎன்’ இருக்கிறது. ஆனால், எந்த வாசலில் போய் நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: உன் யோசனை என்ன?

அப்படித் தேடும்போதுதான் வினிஷா உமாசங்கரின் வீடியோ வந்தது. எங்கள் திருவண்ணாமலைப் பொண்ணு! மகளையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

தெருவில் இஸ்திரி போடுபவர்கள் கரி எரிப்பதையும், எரிந்த கரியைக் கொட்டுவதையும் பார்த்து யோசிக்கத் தொடங்கியவர் வினிஷா. வெயிலில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தபோது அவருக்கு வயது 12. கூரையில் சோலார் தகடு. ஐந்து மணி நேர நல்ல வெயில் இருந்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம். கூடுதல் வருமானத்துக்காக, செல்போன் சார்ஜ் செய்யும் வசதியையும் வண்டியில் சேர்த்திருந்தார். 2019-ல் தேசிய புத்தாக்க அறக்கட்டளையின் அப்துல் கலாம் ‘இக்னைட்’ விருது கிடைத்தது. மாதிரி வண்டியை உருவாக்கவும் அந்த அமைப்பே உதவியது. 2020-ல் ஸ்வீடனில் வழங்கப்படும் சிறார் பருவநிலை விருது. 2021-ல் இளவரசர் வில்லியமின் ‘எர்த்ஷாட்’ பரிசுக்கான 15 இறுதிப் போட்டியாளர்களில் ஒருவர். அதே வருஷம் நவம்பரில், கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் நம் பிரதமர் உள்ளிட்ட உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார்.

‘‘பார்த்தியா, நம்ம ஊர் அக்கா!’’ என்றேன் பெருமையாக.

மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள். ‘‘அப்ப நம்ம தெருமுனை இஸ்திரி தாத்தா ஏம்மா இன்னும் கரி போடறாரு?’’

எனக்குப் பதில் தெரியவில்லை. ‘‘வா, அவரையே கேட்போம்’’ என்று கிளம்பினோம்.

தாத்தா சிரித்தார். ‘‘டிவியில நானும் பாத்தேன் பாப்பா. நம்ம ஊரு பொண்ணுன்னு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. ஆனா, வண்டி என்ன விலை வரும்? ஐப்பசி, கார்த்திகையில சேர்ந்தாப்புல மூணு நாள் வெயிலே இருக்காதே, அன்னிக்கு என்ன பண்றது?’’

‘‘கரன்ட்லயும் ஓடுமாம் தாத்தா.’’

‘‘ரோட்டுல நிக்கற வண்டிக்கு யாரும்மா கரன்ட் குடுப்பா? ரிப்பேர் ஆனா யார்கிட்ட கொண்டுபோறது?’’

அவர் குறை சொல்லவில்லை. வாங்க ஆசைப்படுகிறவர் கேட்கும் கேள்விகள் அவை. விலை, மழை நாள், ரிப்பேர். ஒரு நல்ல யோசனை விருது மேடையிலிருந்து தெருமுனைக்கு வந்துசேர இந்த மூன்றையும் தாண்ட வேண்டும். கடன் கொடுக்க ஒரு வங்கி வேண்டும், பழுது பார்க்க ஒரு மெக்கானிக் வேண்டும், செய்து விற்க ஒருவர் துணிந்து வர வேண்டும். ‘ஸ்டார்ட்அப்’ என்று சொல்கிறார்களே, அதன் வேலை இங்கேதான் தொடங்குகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி இவ்வளவையும் தனியாகச் சுமக்க முடியுமா?

கிளம்பும் நேரத்தில் மகள் தானாகவே ஒன்று கேட்டாள். ‘‘இந்த வேலையில உங்களுக்கு எது தாத்தா ரொம்பக் கஷ்டம்?’’

தேய்த்துக்கொண்டிருந்த பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ‘‘காலையில தணல் பிடிக்கற அரை மணி நேரம்தான் பாப்பா. புகை பூரா மூஞ்சியிலதான். இதை இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்லை.’’

அடுத்த மூன்று நாள் காலையும் அவள் சீக்கிரம் எழுந்து தெருமுனைக்குப் போய்விட்டாள். கையில் ஒரு நோட்டு. எத்தனை மணிக்குப் பற்ற வைக்கிறார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எத்தனை தடவை இருமுகிறார் என்று குறித்துக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை ராத்திரி, அவள் தூங்கியதும் அந்த நோட்டைப் புரட்டினேன். ‘பிரச்னை’ என்று தலைப்பிட்ட பக்கம் நிறைந்து வழிந்தது. ‘தீர்வு’ என்ற பக்கத்தில் பாதி வரிதான். ‘புகை மேலே போக ஒரு தகரக் குழாய்...’ அதற்குக் கீழே வெறும் தாள்.

எனக்குக் கை பரபரத்தது. பழைய செங்கல் சூளைப் புகைபோக்கி, புகையில்லா அடுப்பு என்று யூடியூபில் எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். படம் வரைந்து, அளவு போட்டு, பத்து வரி எழுதினால் போதும், பக்கம் நிறைந்துவிடும். பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டேன்.

‘இதுல பேட்டரி எதுக்கு?’ என்ற கேள்வி நினைவுக்கு வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை அவள் அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். சாயங்காலம் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். ‘‘டீச்சர் என்ன சொன்னாங்க?’’

‘‘ ‘குழாய் எவ்வளவு உயரம் வைப்பே?’ன்னு கேட்டாங்கம்மா. ‘தெரியலை டீச்சர், இனிமேதான் வச்சுப் பார்க்கணும்’னு சொன்னேன்.’’

போன வருஷமும் ‘தெரியலை’ என்றுதான் வந்து நின்றாள். இந்தத் தடவை பையை இறக்கி வைத்துவிட்டு, ‘‘வீட்டுல பழைய எண்ணெய் டின் ஏதாவது இருக்காம்மா?’’ என்று கேட்டாள்.

இருந்தது. பரணில், அந்த தெர்மாகோல் வீட்டுக்குப் பின்னால். அதை நகர்த்திவிட்டு டின்னை எடுத்துக் கொடுத்தேன்.