கடைசித் தெருக் குழாய்

பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு நிற்க என்ன யோக்கியதை வேண்டும் என்று ஒரு சமயம் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தோம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். சில குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவராக இருக்கக் கூடாது. ஏறக்குறைய இவ்வளவுதான்! “அடடா, இவையெல்லாம் நம்மிடமே இருக்கின்றனவே!” என்று உள்ளம் பூரித்தோம். அந்தப் பூரிப்பு 2022-ஆம் வருஷத்துக் காந்தி ஜயந்தி வரையில்தான் நீடித்தது.

அன்று தர்மபுரி ஜில்லாவில், பென்னாகரத்துக்குச் சமீபமான ஒரு கிராமத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். அந்தப் பிரதேசத்தில் தண்ணீர் என்பது சாமானிய விஷயமல்ல. பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு என்னும் உப்பு மிகுந்திருக்கிறது. அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது என்பார்கள். மிஞ்சிய நீரை வருஷக் கணக்கில் குடித்த குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை ஏறுகிறது. பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகிப் போகின்றன. இதற்குப் பரிகாரமாகவே காவேரித் தண்ணீரைக் கொண்டு வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் வருஷம் திறந்து வைக்கப்பட்டது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். காவேரி ஊர்த் தொட்டி வரையில் வந்துவிடுகிறாள். தொட்டியிலிருந்து கடைசித் தெருவுக்கு அவளை அழைத்துப் போவது பஞ்சாயத்தின் பொறுப்பு.

அன்று புளியமரத்து நிழலில் கிராம சபை கூடியிருந்தது. நாமும் ஓர் ஓரமாக உட்கார்ந்தோம். தலைவர் ஒரு பெண்மணி. வயது நாற்பது இருக்கலாம். செயலாளர் வரவு செலவுக் கணக்கை ரயில் வேகத்தில் படித்து முடித்தார். “எனக்கே புரியலீங்க. மறுபடியும் நிதானமாப் படிங்க” என்றார் அந்த அம்மாள். செயலாளர் மறுபடி படித்தார். இந்தத் தடவை ஜனங்கள் நாலைந்து கேள்விகள் கேட்டார்கள்.

பிறகு ஒரு கிழவி எழுந்தாள். “தலைவரம்மா, எங்க தெருக் குழாயிலே காத்துதான் வருது. காத்தைக் குடிச்சா தாகம் தீருமா?” என்றாள்.

மேலிடத்துக்கு எழுதுவதாகத் தலைவர் பதில் சொல்வார் என்றே எதிர்பார்த்தோம். அவரோ எழுந்து, தொட்டி இயக்குபவரை அழைத்துக்கொண்டு குழாய் போகும் வழியே நடக்கத் தொடங்கினார். சபையும் பின்னாலேயே போயிற்று. மேலத் தெருவில் காரணம் அகப்பட்டது. சில வீட்டார் குழாயில் மோட்டாரை இணைத்து நீரை உறிஞ்சிக் கொண்டிருந்தார்கள். அவற்றில் முதல் வீடு தலைவரின் கொழுந்தனார் வீடு!

கூட்டம் கப்சிப்பென்று ஆயிற்று. அந்த அம்மாளின் முகம் வெளுத்ததை நாம் பார்த்தோம். ஒரு நிமிஷம் நின்றார். பிறகு, “முதல்ல இதைக் கழட்டுங்க. அப்புறம் மத்த வீட்டுக்குப் போகலாம்” என்றார். மற்ற வீட்டார் யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் கடைசித் தெருவில் நூல்போல் தண்ணீர் வந்தது. கொழுந்தனார் வீட்டில் மாதக் கணக்கில் அவருடன் பேச்சு வார்த்தை இல்லையென்று பின்னர் அறிந்தோம்.

இதைப் பார்த்த நமக்குப் பழைய சேலம் ஜில்லாவின் ஞாபகம் வந்தது. 1965-இல் பிரியும் வரையில் தர்மபுரி அந்த ஜில்லாவைச் சேர்ந்ததுதானே? ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்தார். பிற்காலத்தில் கவர்னர் ஜெனரலாகவே ஆனவர், பொது நிர்வாகத்தைப் பயின்றது அந்த நகரசபையில்தான். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் முதன்முதலாக அச்சபையில் அங்கத்தினரானது அவர் காலத்தில், அவர் முயற்சியால். சொந்தச் சமூகத்தாரின் முகச் சுளிப்புக்கு அஞ்சுகிறவர் அந்நாளில் செய்யக்கூடிய காரியமல்ல அது.

ஸ்தல ஸ்தாபனத் தலைமையின் கஷ்டம் இதுதான். டில்லியில் இருப்பவர் யாரோ முகம் தெரியாதவர்மீது சட்டம் செய்கிறார். பஞ்சாயத்துத் தலைவரோ காலையில் நியாயம் வழங்கி, மாலையில் அதே தெருவில் அதே மனிதர்களிடையே வாழ வேண்டும். ஆகவே படிப்பும் பேச்சு வன்மையும் இருந்தால் நல்லதே. ஆயினும் கணக்கைப் புரியும்படி படிக்கச் சொல்லும் நேர்மையும், தன் வீட்டு வாசலிலிருந்து திருத்தத்தைத் தொடங்கும் துணிவும் இன்றியமையாதவை. இவற்றைச் சட்டப் புத்தகத்தில் எழுத இயலாது. வாக்காளர்தான் பார்த்துத் தெரிந்தெடுக்க வேண்டும்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த ஜில்லாப் பஞ்சாயத்துகளின் காலம் 2025 ஜனவரியில் முடிவடைந்தது. அடுத்த முறை வேட்பாளர் கைகூப்பி நம் வாசலுக்கு வரும்போது, அவருடைய வாக்குறுதிகளைக் கேட்பதோடு நில்லாமல், அவர் உறவினர் வீட்டுக் குழாயையும் ஒரு நடை போய்ப் பார்த்து வருவோமாக. நமது வீட்டுக் குழாயில் மோட்டார் இருந்தால், போவதற்குமுன் அதைக் கழற்றிவிடுவது உத்தமம்.