முழங்கால் வலியோடும் வரலாம், பெரியம்மா

லிஸ்பன்,
செப்டம்பர் 21

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

"இனிமே கடல்ல போற வேலையெல்லாம் எனக்கு ஒத்து வராதும்மா, போட்டோ அனுப்பு, பாத்துக்கிடுதேன்" என்று போனில் சொன்னீர்கள். போட்டோக்களை அண்ணன் நம்பருக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் அவற்றைப் பார்த்துவிட்டு நீங்கள் அதோடு விட்டுவிடக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம். ஆல்கார்வ் கடற்கரையை, அதுவும் கடலில் இருந்தபடி, நீங்கள் நேரில் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் முழங்காலையும், கன்னியாகுமரியில் பாறைக்குப் போகும் படகில் உங்களுக்குத் தலை சுற்றியதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தப் படகில் ஒவ்வொன்றையும் கவனித்தேன். உங்களால் முடியும். எப்படி என்று எழுதுகிறேன்.

போர்ச்சுகலின் தென்கோடிதான் ஆல்கார்வ். லிஸ்பனிலிருந்து ரயிலில் போய், துனிஷ் என்ற ஸ்டேஷனில் வண்டி மாறினால் போர்ட்டிமாவ் வந்துவிடும். மூன்று, மூன்றரை மணி நேரப் பயணம். படகு அந்த ஊரிலிருந்துதான் கிளம்புகிறது. படகுத்துறையில் நீங்கள் ஏறுகிற மேடை தண்ணீரில் மிதக்கிற மேடை. இங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே சில நாட்களில் மூன்று மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். மேடையும் தண்ணீரோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் படகுக்கும் மேடைக்கும் உள்ள உயரம் மாறுவதே இல்லை. தாவ வேண்டியதில்லை, குதிக்க வேண்டியதில்லை. ஒரு சின்னப் பலகை போட்டிருக்கிறார்கள், ஆள் கை கொடுக்கிறார், நடந்து உள்ளே போகலாம்.

நாங்கள் போனது கேட்டமரன் படகு. ஒடுக்கமான இரண்டு அடிப்பாகங்களை நல்ல இடைவெளி விட்டு நிறுத்தி, மேலே ஒரே தளமாக இணைத்திருக்கிறார்கள். ஒற்றை அடிப்பாகம் உள்ள படகு இடமும் வலமும் உருளும், அந்த உருட்டல்தான் உங்களுக்குக் குமட்டலைக் கொண்டுவந்தது. இதில் ஒரு பக்கம் தாழப் பார்த்தால் அந்தப் பக்கத்து அடிப்பாகம் தண்ணீரில் அமிழ்ந்து உடனே மேலே தள்ளும். இரண்டுக்கும் நடுவே தூரம் அதிகம் என்பதால் அந்தத் தள்ளலுக்கு வலுவும் அதிகம். அதனால் படகு பெரும்பாலும் மட்டமாகவே போகிறது. அலையில் முன்பக்கம் கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும், அதை மறைக்க மாட்டேன். முன்னால் வலை கட்டிய இடத்தில் பிள்ளைகள் படுத்துக்கொண்டு வந்தார்கள். நீங்கள் அங்கே போக வேண்டாம். நடுவே கூரைக்குக் கீழே முதுகு சாய்கிற மாதிரி இருக்கை இருக்கிறது. ஆட்டம் குறைவான இடமும் அதுதான். கழிப்பறையும் உள்ளேயே இருக்கிறது. (இதைத்தான் நீங்கள் முதலில் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.)

அட்லாண்டிக் என்றதும் பயப்படாதீர்கள். பெரிய அலைகள் வடமேற்கிலிருந்து வந்து மேற்குக் கரையில் மோதுகின்றன. செயிண்ட் வின்சென்ட் முனையைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் கரை தெற்கே பார்த்து இருக்கிறது, நிலமே அலைக்கு மறைப்பாகிவிடுகிறது. தென்கிழக்கிலிருந்து லெவாந்தே காற்று அடிக்கிற நாட்களில் மட்டும் இந்தப் பக்கமும் கடல் கொந்தளிக்கும். அப்போது படகை எடுக்க மாட்டார்கள். மற்ற நாட்களில் காலையில் கிளம்பிவிட்டால் நல்லது, மதியத்துக்கு மேல் காற்று எழும்பும்.

அராடே ஆற்றின் முகத்துவாரத்தில் இரண்டு பக்கமும் கோட்டைகள். இந்தக் கரையில் சாந்த்தா கத்தரீனா கோட்டை, அந்தக் கரையில் ஃபெரகூடு என்ற வெள்ளை வெள்ளை வீடுகள் கொண்ட மீனவர் ஊர். அலைதாங்கிச் சுவர்களைத் தாண்டி வெளியே வந்ததும் நாங்கள் கிழக்கே திரும்பினோம். மேற்கே தூரத்தில் தெரிந்த கரையில்தான் லாகோஸ் இருக்கிறது. 1434-ல் ஜில் யானிஷ் என்ற மாலுமி ஆப்பிரிக்கக் கரையின் போஜடோர் முனையைத் தாண்டப் புறப்பட்டது அங்கிருந்துதான். 1444 ஆகஸ்டில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த 235 பேரைக் கரையில் நிறுத்தித் தாய் வேறு பிள்ளை வேறாகப் பங்கு போட்டதும் அதே ஊரில்தான். அடிமைச் சந்தை இருந்த இடத்தில் இப்போது ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் படகிலிருந்து கை காட்டிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் வரும்போது லாகோஸுக்கென்று ஒரு நாள் தனியாக ஒதுக்குவோம்.

இனிமேல் சொல்லப் போவது உங்கள் பாடம், பெரியம்மா. கடல் ஓங்கல், கடல் குகை, கடல் வளைவு, கடல் தூண் என்று கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் வரைவீர்கள். வரைந்து முடித்துவிட்டு, "நம்ம பக்கம் எல்லாம் மணலும் உப்பளமும்தான், மிஞ்சிப் போனா திருச்செந்தூர் வள்ளி குகை, மணப்பாட்டுல சவேரியார் தங்குன குகை, அவ்வளவுதான் காட்ட முடியும்" என்பீர்கள். (அந்தச் சவேரியார் 1541-ல் கப்பலேறியதும் இந்த லிஸ்பனிலிருந்துதான்.) அன்று நீங்கள் வரைந்த நான்கும் இங்கே பத்து கிலோமீட்டர் சொச்சம் தூரத்துக்குள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் அடுத்ததாக மாறிக்கொண்டிருக்கிற நிலையிலேயே நிற்கிறது. ஒரு குகை. பக்கத்திலேயே இரண்டு புறமும் துளைந்து வளைவாகிவிட்ட இன்னொரு குகை. அதற்கும் அப்பால் வளைவின் முதுகு இடிந்து விழுந்து, தனியாக நிற்கிற தூண். பாடப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுவதைப் படகு மெதுவாகக் கடந்து போகிறது.

பாறை முழுக்கச் சுண்ணாம்பு. மயோசீன் காலத்தில், ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஆழமில்லாத கடலின் அடியில் படிந்தது. கீழே வெளுப்பு, மேலே மஞ்சள், இடையிடையே செங்காவி என்று பட்டை பட்டையாக முப்பது நாற்பது மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. ஒரு சின்னக் குகையின் சுவருக்குக் கைக்கெட்டும் தூரம் வரை போனோம். சுவர் முழுக்கச் சிப்பிகள்! விசிறி மாதிரி வரி ஓடிய சிப்பி, உடைந்த சிப்பி, சிப்பியின் வெறும் அச்சு, எல்லாம் கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் கடலை பதிந்திருப்பது போலப் பதிந்திருக்கின்றன. ஒரு சிப்பியில் பாதி சுவருக்குள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தது. வெளியே இருந்த பாதியில் வரிகளை எண்ணிவிடலாம், அவ்வளவு சுத்தமாக இருந்தது. உங்கள் கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள்.

குகைகளுக்குக் கூரையில் ஓட்டை எப்படி வந்தது என்று கேட்டேன். கடல் மட்டும் குடைந்தால் பக்கவாட்டில்தானே குடையும்? மழைதான் மேலிருந்து வேலை செய்திருக்கிறது. காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கரியமில வாயு மழைத் தண்ணீரில் கரைந்து அதை லேசான அமிலமாக்கிவிடுகிறது, அந்தத் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கிணறு கிணறாகப் பள்ளம் பறிக்கிறது. அந்தப் பள்ளங்களில் பிற்காலத்தில் செம்மணல் வந்து அடைந்துவிட்டது. பிறகு கடல் கீழிருந்து குடைந்துகொண்டு வந்து ஒரு பள்ளத்தின் அடியைத் தொட்டதும், அடைத்திருந்த மணல் சரிந்து போய்விட, மேலே வானம் திறந்துவிடுகிறது. இன்னும் திறக்காத பள்ளங்கள் ஓங்கலின் முகத்தில் செக்கச் செவேலென்று செங்குத்தாகத் தெரிகின்றன. அதைப் பார்த்ததும் எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது.

கார்வுவேய்ரு ஊரையும் அல்ஃபன்சீனா கலங்கரை விளக்கத்தையும் தாண்டினால் பெனகில் குகை. உலகம் முழுக்கப் படத்தில் பார்ப்பது இதைத்தான். கடல் பக்கம் வளைவான வாசல்கள், உள்ளே ஒரு மணல் திட்டு, உச்சியில் வட்டமாகத் திறந்த வானம். கேட்டமரன் உள்ளே போகாது, அதன் அகலத்துக்கு வழி பற்றாது. வெளியே நிறுத்தி, நாலைந்து பேராகச் சின்ன ரப்பர் படகில் ஏற்றி உள்ளே கொண்டு போனார்கள். உள்ளே போனதும் மோட்டாரைத் தணித்தார்கள். தண்ணீர் பச்சையாக மின்னியது. அதில் பட்ட வெளிச்சம் கூரையில் நெளிந்துகொண்டே இருந்தது. யாரும் பேசவில்லை.

2024-லிருந்து அந்தக் குகைக்குள் யாரும் கரையிறங்கக் கூடாது, நீந்தி உள்ளே போகக் கூடாது, வழிகாட்டி இல்லாமல் கயாக்கில் வரக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். படகுகளும் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிட வேண்டும். எனக்கு இது முழு சம்மதம். அந்த மணலில் கூட்டம் நெரிந்த பழைய படங்களைப் பார்த்தால் குகையே தெரியாது, ஆட்கள்தான் தெரிவார்கள். பாறை இடிந்து விழுகிற ஆபத்தும் இருக்கிறது. 2009 ஆகஸ்டில், அல்புஃபேய்ரா பக்கம் மரியா லூயிசா கடற்கரையில் ஓங்கல் சரிந்து ஐந்து பேர் இறந்துபோனார்கள். நிழலுக்கென்று அடியில் உட்கார்ந்திருந்தவர்கள். ஓங்கலுக்குக் கீழே உட்காராதீர்கள் என்று இப்போது கடற்கரை தோறும் பலகை வைத்திருக்கிறார்கள். நாம் படகில் தள்ளி நின்று பார்ப்பது அந்த வகையிலும் நல்லது.

உங்களுக்குக் கஷ்டமாக இருக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: பெரிய படகிலிருந்து ரப்பர் படகில் இறங்குவது. பின்பக்கம் படிகள் இருக்கின்றன, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள், ஆனாலும் கடைசிப் படியில் முழங்காலை மடக்கித்தான் இறங்க வேண்டும். அன்றைக்கு முடிந்தால் இறங்குவோம். முடியாவிட்டால் மேலேயே இருங்கள், நான் உங்களோடு இருக்கிறேன். வெளியே இருந்தே வாசல்களும் உள்ளே விழும் வெளிச்சமும் தெரிகின்றன. குகைக்குள் போகாவிட்டால் பயணம் வீண் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்தச் சில நிமிடங்களை விட, கரையை ஒட்டிப் போய் வந்த அந்தக் காலைப் பொழுதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொன்று சொன்னால் நீங்கள் டிக்கெட்டே எடுத்துவிடுவீர்கள். தொங்கு பள்ளத்தாக்கு என்றால் பனியாறு செதுக்கியது என்றுதானே நடத்துவோம்? இங்கே பனியே கிடையாது. சின்னச் சின்ன ஓடைகள் தங்கள் பள்ளத்தைக் கீழே அறுப்பதை விட வேகமாகக் கடல் ஓங்கலை அரித்துப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஓடை வந்து சேர்வதற்குள் தரை முடிந்துபோய், பள்ளத்தாக்கு அந்தரத்தில் வாய் பிளந்து நிற்கிறது. படகிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். மேலே அவற்றின் பெயரிலேயே 'ஏழு தொங்கு பள்ளத்தாக்குகள்' என்று ஆறு கிலோமீட்டர் அளவில் ஒரு நடைபாதை உண்டு. அது ஏற்ற இறக்கம், உங்களுக்கு வேண்டாம்.

மறுநாள் டாக்சியில் நோஸா சென்யோரா த ரோஷா என்ற மாதா கோயிலுக்குப் போனோம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஓங்கலின் நுனியில் வெள்ளையடித்த சின்னக் கோயில், மூன்று பக்கமும் கடல். கார் பக்கத்திலேயே போய்விடும். நம் ஊர் பனிமய மாதா கோயிலும் போர்த்துகீசியர் காலத்தில் முதலில் எழும்பியதுதானே? தூத்துக்குடியிலிருந்து வருகிறவர் இதைப் பார்க்காமல் போகக் கூடாது.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. போர்ட்டிமாவ் ஆற்றங்கரையில் சாளையைக் கல்லுப்பு தூவி, முழுசாகக் கரி அடுப்பில் சுட்டு, ரொட்டியோடு தருகிறார்கள். ஒரு காலத்தில் அந்த ஊரே சாளையை டப்பாவில் அடைத்துப் பிழைத்த ஊர். பழைய தொழிற்சாலை ஒன்றை 2008-ல் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள், பெண்கள் நின்று வேலை செய்த மேசைகளைப் பார்க்கலாம். காரம் வேண்டுமென்றால் நான் பொடி கொண்டு வருகிறேன்.

மே கடைசியில் வாருங்கள். வெயில் சுடாது, ஜூலை ஆகஸ்ட் கூட்டமும் இருக்காது. உங்கள் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று அண்ணனிடம் சொல்லி எனக்கு எழுதச் சொல்லுங்கள், விசாவுக்கு நான் அனுப்ப வேண்டிய கடிதங்களைத் தயார் செய்துவிடுகிறேன். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது விமானத்தில் இவ்வளவு நேரம் உட்கார்ந்து வரலாமா, இடையில் எழுந்து நடக்க வேண்டுமா என்று கேட்டு வையுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. நீங்கள் வருகிறேன் என்று சொன்னால் அவள் மறுக்க மாட்டாள். வரும்போது மக்ரூன் இரண்டு டப்பா. இங்கே ஆல்கார்வில் பாதாமில் செய்கிற இனிப்புகளோடு அதை வைத்து ருசி பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள்.

பதில் போடுங்கள். போனில் "பார்ப்போம்" என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி