முழுசா விலை போகாத வீடுகள்... காரைக்குடி பக்கம் ஒரு பயணம்!

மண்ணூர்பேட்டையில் பழைய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தால், வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, "அரை கிரவுண்டா, ஒரு கிரவுண்டா?" என்பதுதான். வீட்டுக்கென்று தனி விலை கிடையாது. நிலைக்கதவும் உத்திரமும் பழைய மரக்கடைக்குப் போய்விடும்.

இதையே பிரமாண்டமாகப் பார்க்க, சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் காரைக்குடிக்குப் போகலாம். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசைகட்டி நிற்கின்றன. பர்மா தேக்குத் தூண், செதுக்கிய கதவு, எனாமல் பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடி என எல்லாம் செட்டிநாட்டு வீடுகளில் இருந்தவை. இப்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை.

வீட்டை முழுசாகவே விற்றுவிடலாமே? அங்கேதான் சிக்கல். நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான ஒரு தம்பதி, ஒரு 'புள்ளி'. வளவைச் சுற்றி மகன்களின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை, வீட்டிலும் பங்கு. மூன்று தலைமுறை தாண்டினால் பங்காளிகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் அண்ணா நகரில்! அத்தனை பேரும் கையெழுத்திட்டால்தான் பத்திரம். மராமத்துச் செலவுக்கோ யாரும் லேசில் தலையாட்ட மாட்டார்கள். பிரித்து விற்றுப் பங்கு போடுவது சுலபமாகிவிடுகிறது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததில் அங்கிருந்த வட்டித் தொழில் குலைந்து, பராமரிக்கப் பணமும் குறைந்துபோனது.

இந்தச் சூழலில்தான் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் வந்தார்கள். பெர்னார் ட்ராகன், மிஷெல் அட்மான் இருவரும் கோத்தமங்கலத்தில், சுமார் நூறு ஆண்டு பழைமையான 'சாரதா விலாஸ்' மாளிகையைச் சீரமைத்து, விருந்தினர் தங்கும் இடமாக மாற்றினார்கள். செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-ல் இடம்பெற்றன. அதற்கான முயற்சியிலும் இவர்களுக்குப் பங்கு உண்டு.

இங்கே சீரமைப்பு என்பது பெயின்ட் அடிக்கிற வேலை இல்லை. செட்டிநாட்டுச் சுவரில் சிமென்ட் பூசினால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பெயர்ந்துவிடும். சுண்ணாம்புதான் வேண்டும். சுண்ணாம்போடு கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று பல அடுக்குகளாகப் பூசித் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். முடித்த சுவரைத் தொட்டால் பளிங்குபோல ஜில்லென்று இருக்கும். தரைக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி வார்ப்பார்கள். சூளையில் சுடுவதே இல்லை. பட்டறைகளுக்குப் போனால் செய்வதை நேரிலேயே பார்க்கலாம்; குழந்தைகள் கண் எடுக்க மாட்டார்கள்.

இந்த வேலை தெரிந்த கொத்தனாருக்கு வேலை கிடைத்துக்கொண்டே இருந்தால்தான், அவர் மகனும் கரண்டியைப் பிடிப்பார். ஒரு வீட்டைக் காப்பாற்றுவதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

காரைக்குடி தூரம் என்பவர்களுக்கு, முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. டெபோரா தியாகராஜன் முயற்சியில் 1996-ல் திறக்கப்பட்டது. இடிபட இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றிக் கொண்டுவந்து, இங்கே மறுபடியும் முழு வீடாக எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த மர வீட்டையும் பார்த்துவிடலாம். மண்ணூர்பேட்டையிலிருந்து காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை.