பெட்டிக்குள் ஓர் அடைக்கோழி

கோழி அடை கிடப்பதைக் காணாமல் வளர்ந்தவர் என் தலைமுறையில் அரியர். தோவாளை வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், எங்கள் அடுக்களைப் புறத்து ஓலைக் கடவத்தில், ஏதேனும் ஒரு கோழி எப்போதும் அடை கிடக்கும். வைக்கோல்மேல் முட்டைகளை அடுக்கும்போது, இடி முழக்கம் கருவைக் கலைத்துவிடாதிருக்க ஓர் இரும்பாணியையும் உடன் வைப்பாள் என் அம்மா. முட்டைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே இருக்கும். காரணம் கேட்டால், "அது அப்படித்தான் மக்களே" என்பதே விடை.

தந்தையார் மறைந்தபின் அம்மாவைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்து வந்தேன். கரமனையில் எங்கள் வீட்டிற்கு முற்றமில்லை. சாளரத்தருகே அமர்ந்து தெருவைப் பார்த்திருப்பதே அவளது நாளாயிற்று. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் என் மகனுக்கும் அவளுக்கும் இடையே, "சாப்பிட்டாயா" என்பதற்குமேல் பேச்சு வளர்வதில்லை.

2022ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில், வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வேண்டுமென்று மகன் பிடிவாதம் கொண்டான். அடுத்த வீட்டில் சேவலோடு சில கிராமலட்சுமிக் கோழிகள் இருந்தன. மண்ணுத்தியில் ஆஸ்திரலார்ப்பையும் வெள்ளை லெக்கார்னையும் கலந்து உருவாக்கிய இனம் அது. நன்றாக முட்டையிடும், ஆனால் அடுத்த வீட்டுக் கோழிகளில் ஒன்றேனும் அடை கிடந்ததில்லை. அடை கிடக்கும் நாளில் கோழி முட்டையிடாது என்பதால், முட்டைக்கென வளர்க்கும் லெக்கார்ன் போன்ற இனங்களில் அந்தக் குணத்தையே மனிதர் தேர்ந்து தேர்ந்து குறைத்துவிட்டனர். கோழி மறந்த கடமையைப் பெட்டி ஏற்க வேண்டியதாயிற்று.

மீன் வியாபாரி ஐஸ் இட்டுக் கொண்டுவரும் தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கழுவி உலர்த்தினோம். சாலைக் கடைத்தெருவில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கருவி கிடைத்தது. 40 வாட் குமிழ் விளக்கு ஒன்று, பழைய கணிப்பொறியிலிருந்து எடுத்த சிறு விசிறி ஒன்று, ஈரத்திற்கு ஒரு கிண்ணம் நீர். அவ்வளவே எங்கள் அடைக்கோழி. வெப்பம் 37.5 பாகை செல்சியசில் நிற்க வேண்டும். கரு ஓட்டில் ஒட்டிவிடாதிருக்க நாளில் மூன்று முறையேனும் முட்டைகளைப் புரட்ட வேண்டும். பென்சிலால் ஒரு பக்கம் வட்டமும் மறுபக்கம் பெருக்கல் குறியும் இட்டு, 15 முட்டைகளை வைத்தோம். ஒற்றைப்படைதான்.

அம்மா முதலில் ஏளனமாகப் பார்த்தாள். ஏழாம் நாள் இருட்டறையில் முட்டைகளைக் கைவிளக்கின்மேல் வைத்துப் பார்த்தபோது, சிலந்தி கால் விரித்தாற்போல் செந்நிற நரம்புகள் தெரிந்தன. பேரனின் தோள்மேல் சாய்ந்து அவளும் பார்த்தாள். "கோழிக்கு அடியில் இதெல்லாம் நடக்கும், நான் கண்டதில்லையே" என்றாள். மூன்று கூமுட்டைகளையும், கரு நின்றுபோன ஒன்றையும் விலக்கினோம். எஞ்சியவை 11.

பதினாறாம் நாள் இரவு இடவப்பாதி மழை இடியுடன் கொட்டியது. மின்சாரம் நின்றது. ஒரு மணி நேரம், இரண்டு, மூன்று, வரவில்லை. மகன் அழத் தொடங்கினான். பெட்டியைத் திறக்கப்போன என்னை அம்மா தடுத்தாள். "திறக்காண்டாம் மக்களே. தாய்க்கோழி இரை தேடப் போகாதா? அதுவரை முட்டை என்ன செய்யும்?" கம்பளியைப் பெட்டிமேல் போர்த்தச் சொன்னாள், வெந்நீர்ப் புட்டிகள் இரண்டை உள்ளே வைக்கச் சொன்னாள். நான்காம் மணி நேரத்தில் ஒரு முட்டையை எடுத்துத் தன் கண்ணிமைமேல் ஒற்றினாள். "சூடு இருக்கு, பேடிக்காண்டாம்" என்றாள். பிறகு எங்கிருந்தோ ஓர் ஆணியைத் தேடி எடுத்துப் பெட்டிமேல் வைத்தாள். அன்றிரவு பேரன் அவள் மடியில் தலைவைத்து, ஊரைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டான். விடியும்வரை அவள் சொன்னாள்.

பல நூற்றாண்டுகளாக ஆயிரக்கணக்கான முட்டைகளை மண்சூளைகளில் பொரித்துவந்த எகிப்தியர், வெப்பத்தை அறிய முட்டையைக் கண்ணிமையில் வைத்துப் பார்த்தனர் என்று பின்னர் படித்தேன். அந்தச் சூளைகளைப் பற்றியறிந்து, 1749இல் இக்கலைக்கென்றே நூல் வெளியிட்டார் பிரெஞ்சு அறிஞர் ரியோமூர். அம்மா அவரை அறியாள், எகிப்தையும் அறியாள்.

பதினெட்டாம் நாளுக்குப் பின் புரட்டக்கூடாது, திறக்கவும் கூடாது. இருபத்தோராம் நாள் காலை ஓடுகளில் கீறல் கண்டது. நண்பகலுக்குள் நான்கு குஞ்சுகள் வெளிவந்தன. ஒன்று மட்டும் சிறு துளையிட்டபடி கத்திக்கொண்டே கிடந்தது. "தொடாண்டாம்" என்றாள் அம்மா. மாலைவரை பொறுத்தேன். பின்னர், அவள் உறங்கிய வேளையில், நகத்தால் ஓட்டை உரித்தேன். குருதி கசிந்தது.

துளையிட்டபின் குஞ்சு சோம்பிக் கிடப்பதில்லை. ஓட்டின் உட்சவ்விலுள்ள குருதியையும் எஞ்சிய மஞ்சள்கருவையும் தன் உடலுக்குள் ஈர்த்துக்கொள்கிறது. அதற்கு ஒரு பகலும் இரவும்கூட ஆகும். நான் வெளியே எடுத்தது அந்த வேலை முடியாத உயிர். இரவிலேயே இறந்தது. மகன் என்னோடு பேசவில்லை. ஆச்சியும் பேரனுமாக அதை அடுத்த வீட்டு வாழையடியில் புதைத்தனர். அம்மா என்னைக் கடியவில்லை. "அவசரம், மக்களே" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு ஓட்டுக்குள்ளேயே நின்றுபோயின. எட்டுக் குஞ்சுகள் பிழைத்தன. மகன் அவற்றைக் "குஞ்ஞு" என்றான். மலையாளத்தில் மனிதக் குழந்தைக்கும் அதுவே பெயர். அம்மா "பிள்ளைகள்" என்றாள். பறவையின் இளமைக்குத் தொல்காப்பிய மரபியல் வகுத்த பெயர்களில் பிள்ளையும் ஒன்று. இரு மொழியும் ஒரே பரிவில் சந்திப்பதைக் கேட்டு மகிழ்ந்தேன்.

மறு ஆண்டு அம்மா மறைந்தாள். பெட்டி இருக்கிறது. முட்டை வைக்கும்போதெல்லாம் அதன்மேல் ஆணியை வைப்பவன் மகன்தான். காரணம் கேட்டால், ஆச்சியின் விடையையே ஆச்சியின் தமிழில் சொல்கிறான்.

அயலூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு, அவர்கள் நம் மொழியில் நாம் எண்ணிய நாளில் வாய் திறக்கவில்லையே என்ற தவிப்பு உண்டு. நானும் கடிந்து பார்த்தவன். வெப்பம் குன்றாமல் காப்பதே நம் பங்கு. ஓட்டை உடைப்பது நம் பங்கன்று. இதைக் கற்க எனக்கு ஓர் உயிர் விலையாயிற்று.